ஷிபானாவின் விளக்கும் சின்னம்மாவின் வயலும்

திருவாண்டார்கோயிலுக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் சீட் ஒன்று என்னுடையது. பெயர் எழுதி யாரும் ஒட்டவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் பழைய ஆள் என்பதால் மற்றவர்கள் விட்டுவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒருநாள் வில்லியனூரில் ஏறிப் பார்க்கிறேன், எனக்கு முந்தைய ஸ்டாப்பான சுல்தான்பேட்டையில் ஏறிய ஒருத்தி அதில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறாள். புதிதாகச் சேர்ந்தவள். நான் முறைத்தேன். அவள் சிரித்தாள்.

“இந்தப் பக்கந்தான்கா வெயிலு வருது. அதான் உக்காந்தன்.”

வெயில் வருகிறது என்று சீட்டை மாற்றிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயிலுக்காகவே சீட் பிடிப்பவளை அன்றுதான் பார்த்தேன். சாலையோரத்து மரங்களின் நடுவே வெயில் வந்து வந்து மறைய, அது தன் மடியில் விழுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிறுக்குப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகியும் அந்த சீட் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கிறுக்கின் பெயர் ஷிபானா. அவளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் கம்பெனியில் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் வேண்டிய தகட்டுச் சாமான்கள் செய்கிறார்கள். ஷிபானாவுக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. நீளமான தகட்டை மிஷினுக்குக் கொடுத்தால் அது டமாலென்று இறங்கி வட்டம் வட்டமாக வெட்டித் தள்ளும். வட்டங்கள் எங்கள் பேக்கிங்குக்கு வரும். மிச்சத் தகடு, உடம்பெல்லாம் ஓட்டையாக, ஸ்கிராப்புக்குப் போகும். அதைச் சல்லடை என்போம்.

ஒருநாள் சாயங்காலம் டீ குடிக்கும் நேரத்தில் சல்லடைகளை ஷட்டர் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். மேற்கு வெயில் அதன் வழியாக வந்து சிமெண்ட் தரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. நாங்கள் எல்லாரும் அதை மிதித்துக்கொண்டுதான் டீ குடித்தோம். ஷிபானா மட்டும் உள்ளங்கையை நீட்டி ஒரு பொட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றாள். டீ ஆறிப்போனது. சூபர்வைசர் விசில் அடித்தார்.

“ஜெயாக்கா, கம்பெனி வட்டத்த வித்துட்டு ஓட்டையத் தூக்கிப் போடுது. ஓட்டையிலதானக்கா வெளிச்சம் வருது?” என்றாள்.

“வேலைக்குப் போடி,” என்றேன்.

அடுத்த வாரமே ஸ்கிராப் எடுக்கும் காண்டிராக்டரிடம் சொல்லி வைத்துச் சல்லடைத் தகடுகளை விலைக்கு வாங்கினாள். அவள் புருஷன் மாலிக் குட்டி யானை ஓட்டுகிறவர். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வீட்டுக்கு ஏற்றி வந்துவிடுவார். ஒரு தகட்டுக்குப் பின்னால் டியூப் லைட் வைத்துப் பார்த்தாள், சுவரில் ஒன்றும் தெரியவில்லை. குண்டு பல்பு வைத்தாள், மங்கலாகத் தெரிந்தது. போனில் இருக்கும் டார்ச்சைப் பிடித்ததும் பளிச்சென்று ஒவ்வொரு வட்டமும் தனித்தனியாகச் சுவரில் போய் உட்கார்ந்தது. வெளிச்சம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது அப்படித்தான். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அந்த வீட்டில் சுவர், கட்டில், பிரிட்ஜ் எல்லாவற்றின் மேலும் பொட்டுதான். மாலிக்கின் அம்மா வாய்விட்டே சொல்லிவிட்டார்கள்: “வூட்டுக்கே அம்மை போட்டாப்ல இருக்குது.”

எனக்கு அவளிடம் பிடித்துப்போனது வேறொன்று. தகடு அழகாக இருந்தால் மட்டும் அவளுக்குப் போதாது. வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்குமே என்று ஒவ்வொரு ஓட்டையையும் அரத்தால் ராவுவாள். ஓரத்தை மடக்கி உருட்டிவிடுவாள். பின்பக்கம் டிபன் கேரியரில் இருப்பதைப் போல ஒரு கிளிப் வைத்துக் கதவு செய்தாள்.

“பல்பு போனா எலக்ட்ரீஷியனத் தேடி ஓடக் கூடாதுக்கா. வூட்ல இருக்கற பொம்பள ஸ்டூல் போடாம மாத்தணும்.”

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு வேலையிலும் ஒரே ஒரு ஓட்டையை மட்டும் வட்டத் துண்டு வைத்து அடைத்துவிடுவாள். கேட்டால், “கண்ணு ஓடிகினே இருந்தா களைச்சிப் போவும்கா. எங்கனா ஒரு எடத்துல நிக்கணும்,” என்பாள். வரிசை வரிசையாக வெளிச்சம் விழுந்திருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் இருட்டு இருக்கும். நம் கண் தானாக அங்கே போய் நின்றுவிடும். நானும் பலமுறை வேறெங்காவது பார்க்க முயன்றிருக்கிறேன், முடிந்ததில்லை.

திருக்கனூரில் ஒரு டீக்கடைக்கு முதலில் செய்து கொடுத்தாள். சந்தைக்கு மூட்டை கொண்டுவந்தவர்கள் அந்த வெளிச்சத்தில் மூட்டையை இறக்கிவிட்டுச் சட்டையில் விழுந்த பொட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வில்லியனூர் பியூட்டி பார்லருக்கு, தர்கா வாசலுக்கு என்று வேலை வந்துகொண்டே இருந்தது. யாரோ வீடியோ எடுத்துப் போட, டவுனிலிருந்து போன் வர ஆரம்பித்தது. அவர்கள் இதை லைட் இன்ஸ்டலேஷன் என்றார்கள். “ஃபேன் மாட்டற ஆளும் இன்ஸ்டலேஷன்னுதாங்கா பில்லு போடறாரு,” என்று சிரித்தாள். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் ஒன்றிரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்ததைக் கேட்டேன்.

செலியமேடு என் அம்மா வீட்டு ஊர். அங்கே சுப்பராயலு என்பவர் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டினார். ஊருக்கு ஊர் மண்டபம் இருக்கிறது, எல்லாவற்றிலும் அதே சீரியல் செட்டு, வாசலில் அதே யானைத் தலைப் பொம்மை. நம்முடையதைப் பார்க்கவே ஆள் வரணும் என்று அவர் என் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் ஷிபானாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மண்டபத்தின் பின்பக்கம் காம்பவுண்டு சுவர் எழுப்பியிருக்கவில்லை. அதை ஒட்டி தையலம்மாள் சின்னம்மாவின் வயல். எனக்கு அவர் அம்மா வழியில் சின்னம்மா. சித்தப்பா பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறார். நிலம் நீச்சு எல்லாம் சின்னம்மாவின் பொறுப்பு, வாயும் அவர் பொறுப்புதான். சுவருக்குப் பதிலாக ஷிபானா சல்லடைகளால் வேலி கட்டினாள். பாக்கு மட்டையைப் போல வளைத்த தகடுகள், ஆளுயரத்துக்கு மேலே, வரிசையாக. உள்ளே சின்னச் சின்ன எல்இடி. அவள் செய்ததிலேயே பெரிய வேலை அது. லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்தாள்.

முதல் தடவை சுவிட்ச் போட்ட சாயங்காலம் நானும் இருந்தேன். மண்டபத்துச் சுவரும் முற்றமும் வெளிச்ச வட்டங்களால் நிரம்பிவிட்டன. நடந்து போகிறவர்களின் புடவையில் வட்டங்கள் ஏறி இறங்கின. என் பழைய புடவைகூட அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. சுப்பராயலு வாயெல்லாம் பல்லாக நின்றார். ஷிபானாவைக் காணோம். தேடினால் வேலிக்கு அந்தப் பக்கம், வரப்பில் நின்றுகொண்டிருக்கிறாள்.

தகட்டின் பின்பக்கமாகக் கசிந்த வெளிச்சம் நடவு நட்டுத் தூர் கட்டியிருந்த இளம்பயிரின் மேல் விழுந்திருந்தது. காற்றடித்தால் வட்டங்கள் உடைந்தன, காற்று நின்றதும் மறுபடியும் கூடின. “சொவத்துல விழுந்தா அங்கியே கெடக்குதுக்கா. இங்க பாரேன், உசிரோட இருக்குது,” என்றாள். உடனே உள்ளே போய் விளக்குகளை வயல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினாள். வட்டங்கள் வயலுக்குள் இன்னும் தூரம் போய் விழுந்தன.

அவள் செய்த தப்பு அதுதான். அன்றைக்கு அதைத் தப்பு என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. சின்னம்மாவே தெருப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, “எம் பயிருக்கு நகை போட்டாப்ல இருக்குது பாருங்கடி,” என்று காட்டினார். சுப்பராயலு விளக்கைப் பொழுது சாய்ந்ததும் போட்டு விடிந்ததும்தான் அணைத்தார். ரோட்டில் போகிறவன் பார்த்தால்தானே புக்கிங் வரும் என்பது அவர் கணக்கு.

அது ஐப்பசி. மார்கழியில் ஊரெல்லாம் சம்பா கதிர் வாங்கித் தலை சாய்ந்தபோது சின்னம்மாவின் மண்டபத்து ஓரத் துண்டில் மட்டும் பயிர் அங்கங்கே பச்சையாக நின்றது. நோய் இல்லை, பூச்சி இல்லை. தழை கொழுகொழுவென்று இருந்தது, கதிர்தான் இல்லை. வரப்பில் நின்று பார்த்தால் கதிரும் பச்சையும் கலந்து கிடப்பதாகத்தான் தெரியும்.

போட்டது சீரகச் சம்பா. அந்தத் துண்டுக்கு மட்டும் சின்னம்மாவிடம் விதை பத்தவில்லை. அவர் தம்பி குமரவேல் மாமா தன் வீட்டு விதையிலிருந்து கொடுத்திருந்தார். பிறகென்ன, பழி நேராக அவர் தலையில் விழுந்தது.

“கலப்பு விதையக் குடுத்துட்டான்.”

“அதே விதைதானக்கா நானும் வெதைச்சன்? எம் வயல்ல வந்து பாரு, தங்கமா வெளஞ்சிருக்குது,” என்றார் மாமா. சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“நல்லத நீ வெச்சிகினு கழிச்சத எனக்குத் தள்ளிட்ட. கூடப் பொறந்தவளுக்கு செய்யற வேலையாடா இது?”

விஷயம் விதையோடு நிற்கவில்லை. தை மாதம் சின்னம்மாவின் பெண் செல்வகுமாரிக்குக் கல்யாணம், அதே மண்டபத்தில். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வரிசை வந்து இறங்காமல் பெண் மணையில் உட்கார மாட்டாள். அந்தக் கல்யாணத்துக்குக் குமரவேலுக்குப் பத்திரிகை வைக்கப்போவதில்லை என்று சின்னம்மா ஊர் நடுவே சொல்லிவிட்டார். மாமா அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவர். வரிசைக்கென்று புடவை எடுத்து வைத்துவிட்டவர். அவர் வீட்டுப் பக்கம் போகவே எங்களுக்கெல்லாம் கஷ்டமாக இருந்தது.

ஷிபானாவுக்கோ அப்போது நல்ல நேரம். டவுனில் கலைக்கூடம் நடத்தும் அருள்தாஸ் என்பவர் வேலியின் வீடியோவைப் பார்த்துவிட்டு, தை மாதம் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் பெரிய கண்காட்சியில் அவளுக்கென்று ஒரு முழு அறை. பிரஸ் ஷாப்பில் அவள் வேலையை விடுவது வரை நாங்கள் பஸ்ஸில் பேசி முடித்திருந்தோம். அவர் வருவதற்குள் ஒட்டடை அடித்து ஒயர்களைச் சரிபார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செலியமேட்டுக்கு வந்தாள். நானும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன்.

தகடுகளின் வரிசை மேலிருந்து எப்படித் தெரிகிறது பார்க்கலாம் என்று மண்டபத்து மொட்டை மாடிக்கு ஏறினோம். நல்ல பகல். பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

“அக்கா, கீழ வயலப் பாரு.”

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக வயல். பிறகு தெரிந்தது. அந்தப் பச்சை கண்டபடி கிடக்கவில்லை. வட்டம் வட்டமாக நின்றது. வரிசை வரிசையாக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் வட்டம், எங்கள் பிரஸ் வெட்டும் அதே கணக்கில். வேலிக்குக் கிட்டே தட்டு அகலம், தள்ளிப் போகப் போகப் பெரிதாகி நீண்டிருந்தது. சல்லடைத் தகட்டை அப்படியே வயலின் மேல் விரித்த மாதிரி. அதற்குள் ஓரிடத்தில், வட்டம் இருக்க வேண்டிய இடத்தில், கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. என் கண் அங்கே போய் நின்றது.

“அந்த ஓட்டைய அடைச்சது நான்தானக்கா,” என்றாள்.

நான் நல்ல புத்திதான் சொன்னேன். “வாயத் தொறக்காதடி. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா எங்க சின்னம்மா இன்னிக்கே லைட்ட அணைக்கச் சொல்லும். அருள்தாஸ் வந்து பாத்துட்டுப் போவட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

“அதுக்குள்ள தம்பி இல்லாமயே அவங்க வூட்டுக் கல்யாணம் முடிஞ்சிடும்கா.”

படியிறங்கிப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன், தடுக்கத்தான்.

சின்னம்மா வாசலில் முறுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். ஷிபானா உட்காரக்கூட இல்லை. “அம்மா, உங்க தம்பி குடுத்த விதை நல்ல விதைதான். கெடுத்தது என் லைட்டு,” என்றாள்.

“இன்னாடி சொல்ற? லைட்டு பட்டு எங்கனா பயிரு கெடுமா?”

“வந்து பாருங்கம்மா.”

முழங்கால் வலியோடு சின்னம்மா ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஷிபானா தகட்டைக் காட்டினாள், வட்டத்தைக் காட்டினாள், அடைத்த ஓட்டைக்கு நேரே விளைந்திருந்த கதிரைக் காட்டினாள். சின்னம்மா அவள் பக்கம் திரும்பினார்.

“ஏண்டி, ராவெல்லாம் எரியவுட்டு எம் பயிரத் தூங்கவே வுடலியேடி நீ!”

அதற்கப்புறம் திட்டிய திட்டு அச்சில் ஏறாது. ஷிபானா தலை குனியவில்லை. முழுசையும் நின்று கேட்டாள். திட்டி முடித்ததும் சின்னம்மா அழுதார். பிறகு இறங்கி, செருப்புகூட மாட்டாமல் நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்தார். “உன் விதை நல்ல விதைதான்டா. எம் வாயிதான் கெட்டது,” என்று வாசலில் நின்று சொன்னாராம். மாமா தண்ணீர் மொண்டு கொடுத்தாராம். பிறகு இரண்டு பேருமாக வயலுக்கு வந்தார்கள். “சம்பா நெல்லுக்கு ராத்திரி நீண்டாத்தான் கதிர் வுடணும்னு தோணும்கா. கார்த்திகை ராத்திரி வந்ததே இதுக்குத் தெரியல. இருட்டாக்கி வுடு, இன்னும் வரும்,” என்றார் மாமா.

ஷிபானா அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தாள். “இந்தப் பச்சையெல்லாம் கதிர் வுட்டு அறுக்கற வரைக்கும் லைட்டு எரியாதும்மா.”

சுப்பராயலு குதித்தார். “காசு குடுத்தவன் நானு. இருட்டுல நிக்க வெக்கவா லைட்டு வாங்கனன்?”

“அப்ப எம் பொண்ணு கல்யாணத்த வேற மண்டபத்துல வெச்சிக்கறன்,” என்றார் சின்னம்மா. விளக்கு அணைந்தது.

பொங்கல் கழிந்து அறுப்பு வந்தது. அந்தத் துண்டுக்கு மட்டும் சின்னம்மா மிஷினை விடவில்லை. ஆள் வைத்து, முற்றிய கதிரை மட்டும் அறுத்துப் பச்சை வட்டங்களை அப்படியே நிற்க விட்டார். அறுத்த தாள்கட்டை மட்டும் மிஞ்சிய மஞ்சள் வயலில் வரிசை வரிசையாகப் பச்சைக் குடுமிகள் நின்றன. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அருள்தாஸ் வந்தது அந்த நேரத்தில்தான்.

மனிதர் நல்லவர், மரியாதையானவர். அந்தி சாயும் நேரத்தில் வந்து இருண்டு கிடந்த வேலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விளிம்பைத் தடவிப் பார்த்தார், கிளிப்பைத் திறந்து மூடிப் பார்த்தார். “கொஞ்ச நேரம் போடுங்களேன், ஷிபானா. ஒரு அரைமணி போதும்,” என்றார்.

“போடறதில்லன்னு வாக்குக் குடுத்துட்டன் சார்.”

நான் பின்னாலிருந்து அவள் முதுகைக் கிள்ளினேன். அவள் திரும்பவே இல்லை.

அவர் மொட்டை மாடிக்கு ஏறினார். வயலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதே, அதை நான் மறக்க மாட்டேன். “இதுதான் வொர்க்! வெளிச்சத்தால வயல்ல வரைஞ்சிருக்கீங்க. நாளைக்கே டிரோன் அனுப்பறேன். உங்க பேர்ல இதைத்தான் வைக்கணும், முழு அறைக்கும் இந்த ஒரு படம் போதும்.”

சின்னம்மா கீழே வரப்பில் நின்று எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஷிபானா அவரைப் பார்த்தாள்.

“சார், நான் செஞ்சது அந்தத் தகடு. அதுக்கு என் பேரு போடுங்க. இது அவங்க பயிரு, நான் கெடுத்தது. கெடுத்ததுக்குப் பேரு வாங்க மாட்டன் சார்.”

அவர் வற்புறுத்தவில்லை. எரியாத விளக்கை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த வருஷக் கண்காட்சியில் அந்த அறைக்கு வேறு யாருடைய வேலையோ போனது. அவர் வந்து போன மறுநாள் பஸ்ஸில் அவளைப் பிடித்து உலுக்காத குறைதான். “பைத்தியம், பைத்தியம். ஒரு அரைமணி நேரம் போட்டிருந்தா அந்தப் பயிரு செத்தா போயிருக்கும்?”

அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. டிரைவர் கண்ணுக்கு வெயில் படாமல் இருக்கத் தலைக்கு மேலே ஒரு மடக்குத் தகடு இருக்குமே, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் அதை இறக்கினார், திருப்பத்தில் மறுபடியும் தூக்கினார்.

“ஜெயாக்கா,” என்றாள், “அது மாதிரி லைட்டுக்கு ஒரு மூடி போட்டா இன்னா?”

கண் ஈரமாகத்தான் இருந்தது, நான் கவனித்தேன். அறை போன துக்கம் அவளுக்கு இல்லாமலில்லை. ஆனால் அவள் மூளை அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது?

தை முடியும் முன் கல்யாணம் நடந்தது. குமரவேல் மாமா தாம்பாளம் தாம்பாளமாக வரிசை வைத்து, மேளத்தோடு வந்து இறங்கினார். அவர் எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் செல்வகுமாரி மணையில் உட்கார்ந்தாள். முந்தின நாள் சாயங்கால ரிசப்ஷனுக்குச் சுப்பராயலு ரோட்டுப் பக்கம் பழையபடி சீரியல் செட்டைத் தொங்கவிட்டிருந்தார். செல்வகுமாரிக்கு அந்த வட்டங்களுக்கு நடுவே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை. “ஒரே ஒரு போட்டோம்மா,” என்று கெஞ்சினாள். சின்னம்மாவின் சொந்தப் பெண், சின்னம்மாவின் சொந்த வயல். “நீங்க சொன்னா போடறன்மா,” என்றாள் ஷிபானா.

சின்னம்மா இருட்டில் கிடந்த வயலை எட்டிப் பார்த்தார். “வேணாம்டி,” என்றார், “இப்பத்தான் தூங்குது.”

மாசியில் பச்சைக் குடுமிகள் பூ எடுத்தன. அந்த மாதமெல்லாம் ஷிபானா வீட்டில் வளைத்தும் மடக்கியும் ஒவ்வொரு தகட்டுக்கும் வயல் பக்கம் ஒரு மூடி செய்தாள். ஒரு நீளக் கம்பியில் எல்லா மூடியையும் கோத்து, ஒரே இழுப்பில் ஏறி இறங்கும்படி வைத்தாள். மூடி இறங்கியிருந்தால் மண்டபத்துப் பக்கம் மட்டும்தான் வெளிச்சம், வயலில் ஒரு பொட்டுகூட விழாது. அப்போது நோன்பு மாதம். பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்று அதை மாட்டினாள்.

பெருநாளுக்கு முந்தின நாள் காலையில் சின்னம்மா செலியமேட்டிலிருந்து பஸ் பிடித்துச் சுல்தான்பேட்டைக்கு வந்துவிட்டார். வழி தெரியாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கையில் கட்டைப் பை. ஷிபானாவின் வீட்டில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, பையை அவள் முன்னால் நகர்த்தினார்.

“உன் வட்டத்துல வெளஞ்சது. லேட்டா எழுந்தாலும் நல்லா பால் புடிச்சிதுடி. பெருநாளுக்கு பிரியாணி செய்யி.”

ஷிபானா பையைத் திறந்தாள். சீரகச் சம்பா வாசனை கூடம் முழுக்க வந்தது. ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள். மாலிக்கின் அம்மாதான் சின்னம்மாவுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“வயலு காலியா கெடக்குது,” என்றார் சின்னம்மா, “எழுப்பறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. சாயங்காலம் வந்து உன் லைட்டப் போடு.”

“நான் சுவிட்சுதாம்மா போடுவன். வயலுக்கு வெளிச்சம் வுடணும்னா நீங்கதான் வரணும்.”

எங்களுக்குப் புரியவில்லை. நோன்பு திறந்ததும் மாலிக்கின் குட்டி யானையில் எல்லாருமாகச் செலியமேட்டுக்குப் போனோம். ஷிபானா சின்னம்மாவின் கையைப் பிடித்து வரப்பு வழியாக வேலியின் பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லா மூடிகளையும் தூக்கி இறக்கும் கைப்பிடி அங்கே இருந்தது. மண்டபத்துப் பக்கம் இல்லை, வயல் பக்கம். சுப்பராயலு அப்போதுதான் அதைக் கவனித்தார்.

“இன்னாம்மா இது? லைட்டு என்னுது, கைப்பிடி அவங்க பக்கமா?”

“பயிரு அவங்களுதுங்க,” என்றாள் ஷிபானா.

உள்ளே போய் சுவிட்ச் போட்டாள். மண்டபத்துச் சுவர் வட்டங்களால் நிரம்பியது. வயல் இருட்டாகவே இருந்தது. சின்னம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இழுத்தார். மூடிகள் ஒன்றாகத் தூக்கிக்கொள்ள, வெளிச்சம் அறுத்த வயலின் மேல் கடைசி வரப்பு வரைக்கும் போய் விழுந்தது. சின்னம்மா அதைப் பார்த்தார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார்.

“நல்லா இருக்குதுடி,” என்றார்.

மறுநாள் சுல்தான்பேட்டையில் எங்கள் எல்லாருக்கும் பிரியாணி. புது அரிசி, குழைந்துவிட்டது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.